ஆபத்தான சரக்கை விற்பவர் ஏன் நஷ்டப்படுவதில்லை?

வேளச்சேரி_வாசகி கேட்டது:

பாரிமுனை நடைபாதையில் குவித்து வைத்திருக்கும் எக்ஸ்டென்ஷன் போர்டு, ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாத ஹீட்டர் ராடு, சாயம் ஏற்றிய மஞ்சள், 2025 அக்டோபரில் செய்தியான இருமல் மருந்து. நான்கும் வேறு வேறு தொழில், ஆனால் என் கேள்வி ஒன்றுதான். "மோசமான சரக்கை விற்றால் ஆள் திரும்பி வரமாட்டான், பெயர் கெடும், கடை தானாக மூடிக்கொள்ளும், அரசாங்கம் நடுவில் வரவே வேண்டாம்" என்று ஒரு வாதம் அடிக்கடி காதில் விழுகிறது. அது உண்மையானால் இந்தச் சரக்கெல்லாம் இத்தனை வருஷமாக எப்படி ஓடுகிறது?

"பேராசை" என்று ஒரே சொல்லில் முடித்துவிடாதீர்கள். பேராசை எல்லாத் தொழிலிலும் இருக்கிறது, எல்லாத் தொழிலிலும் பிள்ளைகள் சாவதில்லை. லாபம் சரியாக எந்த இடத்தில் பிறக்கிறது, சந்தை ஏன் அதைத் திருத்துவதில்லை, எந்த மாதிரி விதி நிஜமாகவே வேலை செய்திருக்கிறது என்று அந்தந்தத் தொழில் தெரிந்தவர்கள் கணக்கோடு சொன்னால் உதவியாக இருக்கும்.

மூன்று_பின் எழுதியது:

போர்டை மட்டும் நான் எடுத்துக்கொள்கிறேன். அதில் காசு பெறுகிற பொருள் மூன்றுதான்: வயரில் இருக்கும் செம்பு, பின்னைக் கவ்விப் பிடிக்கும் பித்தளைத் தகடு, மேல்கூட்டின் பிளாஸ்டிக். மூன்றிலும் கை வைக்கலாம். மூன்றும் வாங்குபவர் கண்ணுக்குத் தெரியாது.

செம்பிலிருந்து தொடங்குவோம். 1 ஸ்கொயர் (1 சதுர மி.மீ.) வயர் என்றால் ஒவ்வொரு கோரிலும், அதாவது உறைக்குள் தனித்தனியாக ஓடும் ஒவ்வொரு கம்பியிலும், 0.2 மி.மீ. இழை 32 இருக்க வேண்டும். 2 மீட்டர் நீளம், மூன்று கோர் என்றால் செம்பு மட்டும் சுமார் 54 கிராம். 16 இழையோடு நிறுத்திக்கொண்டு பி.வி.சி. உறையைத் தடிமனாக்கிவிட்டால், கையில் பிடித்துப் பார்ப்பவருக்கு வயர் பருமனாகத்தான் தெரியும். உள்ளே 27 கிராம்தான். செம்பு கிலோ 900 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஒரு போர்டுக்கு 24 ரூபாய் மிச்சம். இன்னும் ஒரு படி போய் செம்புக்குப் பதில் செம்பு முலாம் பூசிய அலுமினியம் போடலாம். அதைவிட மோசமானது எர்த் கோரையே எடுத்துவிடுவது. பிளக்கில் மூன்று பின் இருக்கும், போர்டில் மூன்று ஓட்டை இருக்கும், நடுவில் ஓடுவது இரண்டு கோர் வயர். அயர்ன் பாக்ஸின் உடம்பில் கரண்ட் ஏறினால் அது போக வழியே இல்லை, தொடுபவர் வழியாகத்தான் போகும்.

இனி இது ஏன் கடையில் பிடிபடுவதில்லை என்று பாருங்கள். கடைக்காரர் ஒரு டெஸ்டர் பல்பைச் செருகிக் காட்டுவார், எரியும். 5 வாட் எல்.இ.டி. பல்புக்கு நூல் மாதிரி வயர் இருந்தாலும் போதும். வீட்டில் 1500 வாட் ராடு போடும்போது 6.5 ஆம்பியர் ஓடுகிறது. 1 ஸ்கொயர் செம்பில் போய்வரும் 4 மீட்டருக்கு மின்தடை 0.078 ஓம், அதில் வீணாகும் சூடு 3.3 வாட். பாதிச் செம்பு என்றால் 6.6 வாட். இரண்டு மீட்டர் முழுக்கப் பரவுவதால் வயர் வெதுவெதுப்பாகும், அவ்வளவுதான். வயரைச் சுருட்டி வைத்துக்கொண்டு ராடு போட்டால் கதை வேறு, சூடு வெளியேற இடம் இருக்காது.

உண்மையான ஆபத்து சாக்கெட் தகட்டில் இருக்கிறது. நல்ல பித்தளைத் தகட்டுக்கு ஸ்பிரிங் தன்மை உண்டு, பின்னை இறுக்கிப் பிடிக்கும், தொடும் இடத்தில் தடை 0.01 ஓம் அளவில்தான் இருக்கும், சூடு அரை வாட்டுக்கும் கீழே. மஞ்சள் முலாம் பூசிய மெல்லிய இரும்புத் தகடு ஐம்பது தடவை செருகி எடுத்ததும் வாயைப் பிளந்துகொள்ளும். சென்னைக் காற்றின் உப்பும் ஈரமும் முலாமை அரித்து உள்ளே துரு பிடிக்கும். தடை 0.2 ஓமுக்கு ஏறினால் அதே 6.5 ஆம்பியரில் 8 வாட்டுக்கு மேல் சூடு, அதுவும் விரல் நகம் அளவு இடத்தில். சுற்றியிருப்பதோ தீத்தடுப்புச் சேர்க்காத மறுசுழற்சி பிளாஸ்டிக். முதலில் பழுப்பாகும், பிறகு இளகும், தகடு இன்னும் தளரும், தடை இன்னும் ஏறும். ஒன்று இன்னொன்றை வளர்த்துக்கொண்டே போகும். அலுமினிய வயர் என்றால் ஸ்குரூவுக்குக் கீழே அது நாளாக நாளாக நசுங்கிக் கொடுக்கும், அங்கேயும் இதே கதைதான்.

கரண்ட் அளவு மீறினால் தானாக விழும் எம்.சி.பி. சுவிட்ச் காப்பாற்றும் என்று பலர் நம்புகிறார்கள். 16 ஆம்பியர் எம்.சி.பி.க்கு இங்கே 6.5 ஆம்பியர்தான் தெரிகிறது, அது ஏன் விழப்போகிறது? கரண்ட் கசிந்தால் விழும் ஆர்.சி.சி.பி. சுவிட்சும், இங்கே கசிவு இல்லாததால், விழாது. கடைசியில் தீப்பிடித்தால் போர்டும் சேர்ந்து எரிந்துவிடும். மறுநாள் பத்திரிகையில் "மின்கசிவு காரணமாகத் தீ விபத்து" என்று வரும். எந்தப் போர்டு, யார் செய்தது என்று ஒரு வரிகூட இருக்காது. "பெயர் கெடும்" என்கிற வாதம் இங்கேதான் உடைகிறது. கெடுவதற்கு அந்தச் சரக்கில் பெயரே அச்சிடவில்லை, இருந்த கொஞ்சமும் எரிந்துபோய்விட்டது.

பட்டறைக்_கணக்கு எழுதியது:

மூன்று_பின் சொன்ன 24 ரூபாயை நான் மேலே கொண்டுபோகிறேன். கணக்குக்காக மாதம் 10,000 போர்டு என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் மாதம் 2.4 லட்சம், மூன்று வருஷத்தில் 86 லட்சம். செம்பில் மட்டும் இவ்வளவு.

எதிர்ப்பக்கத்தில் என்ன இருக்கிறது? வயர், சுவிட்ச், ஹீட்டர் ராடு, அயர்ன் பாக்ஸ் முதலானவற்றுக்கு ஐ.எஸ்.ஐ. கட்டாயம் என்று 2003லேயே ஆணை வந்துவிட்டது. கட்டாயப் பட்டியலில் இருக்கும் பொருளை முத்திரை இல்லாமல் செய்தாலோ விற்றாலோ, ஐ.எஸ்.ஐ. முத்திரை தரும் இந்தியத் தர நிர்ணய அமைப்பின் (பி.ஐ.எஸ்.) சட்டம் 2016, பிரிவு 29இன்படி இரண்டு வருஷம் வரை சிறை, அல்லது முதல் தடவை 2 லட்சத்துக்குக் குறையாத அபராதம், அடுத்தடுத்த தடவை 5 லட்சத்துக்குக் குறையாதது. சரக்கு மதிப்பைப் போல் பத்து மடங்கு வரை போகலாம். படிக்கும்போது கடுமையாகத்தான் இருக்கிறது. ஆனால் சோதனை நாளில் குடோனில் கிடைத்தது 500 போர்டு, மதிப்பு 60,000 ரூபாய் என்றால், பத்து மடங்கே 6 லட்சம்தான். அதற்கு முன் விற்றுத் தீர்ந்த லட்சக்கணக்கான போர்டுக்குப் பில்லும் இல்லை, கணக்கும் இல்லை.

அமெரிக்கப் பொருளாதார அறிஞர் கேரி பெக்கர் 1968இல் வகுத்த கணக்கு இதுதான்: தப்பு செய்பவரைத் தடுப்பது தண்டனையின் அளவு மட்டுமல்ல, தண்டனையை மாட்டிக்கொள்ளும் வாய்ப்பால் பெருக்கி வரும் தொகை. மூன்று வருஷத்தில் மாட்டிக்கொள்ள பத்தில் ஒரு வாய்ப்பு, தண்டனை 6 லட்சம் என்றால், தொழில் செய்பவர் மனதில் அதன் எடை 60,000. அதை 86 லட்சத்துக்கு எதிரில் வைத்துப் பாருங்கள். சமன் செய்ய 8.6 கோடி அபராதம் வேண்டும், அல்லது கட்டாயம் மாட்டிக்கொள்வோம் என்கிற நிலை வேண்டும். முதலாவதை எழுதிவைத்துப் பயனில்லை, அவ்வளவு பணம் அந்தப் பட்டறையிடம் இருக்காது. பெயர்ப்பலகையைக் கழற்றிவிட்டு மைத்துனர் பெயரில் அடுத்த தெருவில் தொடங்கிவிடுவார். நஷ்டத்துக்கு ஒரு எல்லை உண்டு, லாபத்துக்கு இல்லை. இந்தச் சரிவுதான் உங்கள் கேள்விக்கு நான் தரும் பதில்.

பெரிய இடத்திலும் இதுதான் நடக்கிறது. 2022 ஆகஸ்டில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஒரு பெரிய இணைய விற்பனைத் தளத்துக்கு எதிராக ஆணை போட்டது. தரக்கட்டுப்பாட்டு ஆணையை மீறிய பிரஷர் குக்கர்கள் அதன் வழியாக 2,265 விற்றிருந்தன. அவற்றில் தளத்துக்குக் கிடைத்த கட்டணம் 6,14,825 ரூபாய். போட்ட அபராதம் 1 லட்சம். குக்கர்களைத் திரும்பப் பெற்று, வாங்கியவர்களுக்குப் பணத்தைக் கொடுக்க வேண்டும் என்றும் அதே ஆணை சொன்னது. என் பார்வையில் அந்த இரண்டாவது பாதிதான் வலிக்கும் தண்டனை. அபராதத்தைச் செலவுக் கணக்கில் எழுதிவிடலாம். விற்ற ஒவ்வொன்றையும் தேடிப்போய் எடுப்பது அப்படி இல்லை.

மெரினா_காற்று எழுதியது:

அமெரிக்காவில் ஃபோர்டு பின்டோ கார் நல்ல உதாரணம். பெட்ரோல் டேங்க் பின்பக்கம் இருந்ததால் பின்னாலிருந்து மோதினால் தீப்பிடித்தது. காருக்கு 11 டாலர் செலவு செய்தால் சரியாகும் என்று தெரிந்தும், சாகப்போகும் 180 பேருக்கு ஆளுக்கு 2 லட்சம் டாலர் நஷ்டஈடு கொடுப்பது மலிவு என்று கணக்குப் போட்டார்கள்.

பட்டறைக்_கணக்கு எழுதியது:

அந்தக் கணக்கு இருக்கும் ஃபோர்டின் உள்குறிப்பைப் பற்றி எல்லா இடத்திலும் இப்படித்தான் சொல்லப்படுகிறது, ஆனால் அதில் இருப்பது வேறு. அது பின்டோவைப் பற்றியதோ பின்பக்க மோதலைப் பற்றியதோ அல்ல. கார் கவிழ்ந்தால் எரிபொருள் சிந்தக்கூடாது என்ற புதிய விதியை எதிர்த்து, அமெரிக்காவில் விற்கும் 1.25 கோடி வண்டிகளுக்கும் சேர்த்து, அரசின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புத் துறைக்குக் கொடுத்த கணக்கு. செலவு 13.7 கோடி டாலர், பலன் 4.95 கோடி டாலர், ஆகவே விதி வேண்டாம் என்பது வாதம். ஓர் உயிருக்கு 2 லட்சம் டாலர் என்ற விலையும் ஃபோர்டு கண்டுபிடித்ததல்ல, அந்தத் துறையே 1972இல் போட்ட மதிப்பு.

இதைச் சொல்வது கம்பெனியைக் காப்பாற்ற அல்ல. எனக்கு இதுதான் இன்னும் கவலை தருகிறது. விதி வருவதற்கு முன்பே, விதியை எழுதும் மேஜையில் உட்கார்ந்து, செலவை முழுதாகவும் பலனைக் குறைத்தும் காட்ட முடிகிறது. செலவைப் பற்றிய தரவெல்லாம் தயாரிப்பாளர் கையில் இருக்கிறது, எரிந்தவர்களின் தரவு யார் கையிலும் ஒன்றாக இல்லை. பின்டோ வழக்கில் 1978இல் நடுவர் குழு 12.5 கோடி டாலர் தண்டத்தொகை விதித்தது, நீதிபதி அதை 35 லட்சமாகக் குறைத்தார். அதே வருஷம்தான் சுமார் 15 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்தார்கள்.

மருந்தாளுநர்_தாம்பரம் எழுதியது:

இருமல் மருந்தைப் பற்றி நான் சொல்கிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் இதில் எங்கே தடுக்கலாம் என்பது மிகத் தெளிவாகத் தெரியும். தெரிந்தும் நடப்பதால்தான் மனது ஆறவில்லை.

பாராசிட்டமால் தண்ணீரில் சரியாகக் கரையாது. சிரப் ஆக்க புரோப்பிலீன் கிளைக்கால், கிளிசரின், சார்பிட்டால் போன்ற கரைப்பான் வேண்டும். இவற்றில் மருந்துத் தரமும் உண்டு, பெயிண்ட், பிசின், பிரேக் ஆயில் வேலைக்கான தொழிற்சாலைத் தரமும் உண்டு. தொழிற்சாலைத் தரம் மலிவு. அதில் டை எத்திலீன் கிளைக்கால் கலந்திருக்கலாம், அல்லது டிரம் முழுக்க அதுவாகவே இருக்கலாம். நிறமில்லை, வாசனையில்லை, நாக்கில் இனிக்கும். சிரப்பில் இருந்தால் பிள்ளையும் துப்பாது, தாயும் சந்தேகப்பட மாட்டாள்.

கரைப்பானில் இதற்கு அனுமதிக்கப்பட்ட உச்ச அளவு 0.1 சதவீதம். 2025 அக்டோபரில் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான சிரப்பைத் தமிழ்நாடு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை பரிசோதித்தபோது கிடைத்தது 48.6 சதவீதம். 100 மி.லி.யில் 48.6 கிராம் என்றால் 5 மி.லி. ஸ்பூனில் கிட்டத்தட்ட 2.4 கிராம் விஷம். மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவில் அதைக் குடித்த பிள்ளைகளுக்குச் சிறுநீர் நின்றுபோனது. உடம்பில் இது டைகிளைக்காலிக் அமிலமாக மாறிச் சிறுநீரகத்தை அழிக்கிறது, அதற்கு ஒன்றிரண்டு நாள் பிடிக்கும். காய்ச்சலுக்காக மருந்து கொடுத்த பிள்ளை மோசமானால் காய்ச்சல்தான் முற்றிவிட்டது என்று நினைப்பார்கள். கொன்ற பொருள் அலமாரியில் மருந்தாகவே உட்கார்ந்திருக்கும், அடுத்த பிள்ளைக்கும் கொடுப்பார்கள்.

எங்கே தடுக்கலாம்? டிரம் தொழிற்சாலைக்குள் வரும் வாசலில். ஒவ்வொரு டிரம்மிலிருந்தும் மாதிரி எடுத்து, கலவையில் இருப்பதைப் பிரித்துக் காட்டும் கேஸ் குரோமட்டோகிராபி கருவியிலோ, வசதி குறைவென்றால் டி.எல்.சி. தகட்டிலோ இந்த ஒரு சோதனையைச் செய்தால் போதும். ஒரு டிரம்மின் மாதிரி மற்ற ஒன்பது டிரம்முக்குச் சாட்சி ஆகாது. நடைமுறையில் கெடுவது இப்படி: கரைப்பான் இரண்டு மூன்று தரகர் கை மாறி வரும். அசல் தயாரிப்பாளரின் தரச்சான்றைத் தரகர் தன் லெட்டர்ஹெட்டில் அப்படியே தட்டச்சு செய்து கொடுப்பார், லேபிளும் மாறும். வாங்குபவர் அந்தத் தாளைக் கோப்பில் போட்டுவிட்டு "சோதித்தது" என்று எழுதுவார். பிறகு தயாரான சிரப்பிலும் பாராசிட்டமால் அளவு சரியா என்று மட்டும் பார்ப்பார்கள். சரியாகத்தான் இருக்கும், கரைப்பானை யாரும் கேட்கவில்லையே.

விதியே இல்லாத காலத்தில் என்ன நடந்தது என்பதற்கு 1937 அமெரிக்கா. சல்ஃபானிலமைடு மருந்தை இதே டை எத்திலீன் கிளைக்காலில் கரைத்து "எலிக்சிர்" என்ற பெயரில் விற்றார்கள். நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், பலர் குழந்தைகள். விற்கும் முன் விஷமா என்று சோதிக்கச் சட்டம் சொல்லவில்லை, எனவே கொன்றதற்காகச் சரக்கைப் பறிமுதல் செய்ய முடியவில்லை. எலிக்சிர் என்றால் ஆல்கஹால் இருக்க வேண்டும், இதில் இல்லை, ஆகவே லேபிள் தப்பு என்று சொல்லித்தான் பறித்தார்கள். அபராதம் 26,100 டாலர். அடுத்த வருஷமே சோதித்து நிரூபித்துவிட்டு விற்கவேண்டும் என்று சட்டம் வந்தது.

நம்மிடம் 1940லிருந்து மருந்துச் சட்டம் இருக்கிறது. இருந்தும் 1972இல் இதே சென்னையில் குழந்தைகள் இறந்தார்கள், 1986இல் மும்பை ஜே.ஜே. மருத்துவமனையில் 14 பேர். கலப்பட மருந்தால் உயிர் போனால் அதன் பிரிவு 27(ஏ) குறைந்தது பத்து வருஷம், ஆயுள் வரை சிறை என்கிறது. ஆகவே தண்டனை போதவில்லை என்று என்னால் சொல்ல முடியவில்லை. சாவு நடந்த பிறகு வரும் தண்டனை அது. வாசலில் டிரம்மை நிறுத்தும் சோதனை ஒவ்வொரு நாளும் நடக்கிறதா என்று பார்க்க ஆள் வேண்டும். ஒன்றை மட்டும் யோசியுங்கள்: 2023 ஜூன் 1 முதல் ஏற்றுமதியாகும் இருமல் சிரப்புக்குக் குறிப்பிட்ட ஆய்வகங்களில் சோதித்த சான்று கட்டாயம். காம்பியாவிலும் உஸ்பெகிஸ்தானிலும் பிள்ளைகள் இறந்த பிறகு வந்த விதி. உள்ளூரில் விற்ற பாட்டிலுக்கு அந்தச் சான்று கேட்கப்படவில்லை. வெளிநாட்டுக்குப் போகும் பாட்டிலை நிறுத்த முடிந்த நமக்கு, தாம்பரம் மெடிக்கல் ஷாப்புக்குப் போகும் பாட்டிலை நிறுத்த முடியாதா?

அம்பத்தூர்_எஸ்டேட் எழுதியது:

எல்லோரும் கெட்ட தயாரிப்பாளரைப் பற்றிப் பேசுகிறீர்கள். நல்லவருக்கு என்ன ஆகிறது என்றும் பார்க்கவேண்டும், சந்தை ஏன் திருத்துவதில்லை என்பது அங்கேதான் இருக்கிறது.

மொத்த வியாபாரி பத்துப் பேரிடம் ரேட் கேட்பார். 32 இழை போட்டவர் 24 ரூபாய் அதிகம் சொல்லுவார். பித்தளைத் தகடு, தீத்தடுப்பு பிளாஸ்டிக் எல்லாம் சேர்ந்தால் இடைவெளி இன்னும் பெரிது. வெளிப்பார்வைக்கு இரண்டு போர்டும் ஒன்றே. "உன் சரக்கு நல்லதுதான்பா, ஆனால் போகாது" என்று ஆர்டர் அடுத்தவருக்குப் போகும். நல்லவர் இரண்டு சீசன் தாக்குப்பிடிப்பார், பிறகு இழையைக் குறைப்பார் அல்லது தொழிலை விடுவார். தரத்தைப் பார்க்க முடியாத சந்தையில் மட்டமான சரக்கு நல்ல சரக்கை வெளியேற்றும் என்பதைப் பழைய கார் வியாபாரத்தை வைத்து ஜார்ஜ் அகெர்லாஃப் 1970இல் விளக்கினார், அதற்கு 2001இல் நோபல் பரிசும் கிடைத்தது. ஆகவே சரியாகச் செய்ய விரும்பும் சிறுதொழிலுக்குத் தரவிதி ஒரு பாதுகாப்பு. எல்லோரும் 32 இழை போட்டே ஆகவேண்டும் என்றால் அந்த 24 ரூபாய் யாருக்கும் பின்னடைவு இல்லை.

ஆனால் ஒரு மறுப்பும் உண்டு. ஐ.எஸ்.ஐ. உரிமம் என்றால் பரிசோதனைக் கருவிகள், அதற்கு ஆள், மாதிரிச் சோதனைக் கட்டணம், ஆண்டுக் கட்டணம் எல்லாம் வரும். லட்சம் போர்டு செய்பவருக்கு அது ஒரு போர்டுக்குச் சில்லறைக் காசு, ஆயிரம் செய்பவருக்குச் சுமை. விதியை இறுக்கிவிட்டு தொழிற்பேட்டை அளவில் பொதுச் சோதனைக்கூடம் வைக்காவிட்டால், ஒழுங்காகச் செய்ய நினைத்த சிறியவர் மூடுவார், முத்திரையைத் திருட்டுத்தனமாக அச்சடிப்பவர் தொடர்வார். விதியே வேண்டாம் என்று சொல்லவில்லை. விதி மட்டும் போதாது.

வேளச்சேரி_வாசகி எழுதியது:

எல்லோருக்கும் மிக்க நன்றி. மருந்தாளுநர் ஐயா எழுதியதை இரண்டு தடவை படித்தேன். நிஜமாகவே வேலை செய்த விதி ஏதாவது உண்டா? மஞ்சளைப் பற்றியும் யாரும் சொல்லவில்லை.

விரலி_மஞ்சள் எழுதியது:

இரண்டுக்கும் ஒரே பதில் இருக்கிறது.

மஞ்சளில் சேர்ப்பது ஈய குரோமேட், பளிச்சென்ற மஞ்சள் நிற பெயிண்ட் நிறமி. மட்டமான, பூச்சி அரித்த, நனைந்து மங்கிய விரலியை டிரம்மில் போட்டு மெருகேற்றும்போது இதைத் தூவினால் முதல் தரம் போலத் தெரியும். வாங்குபவர் விலை கொடுப்பது நிறத்துக்கு என்பதால் லாபம் அங்கே பிறக்கிறது. தீங்கோ வருஷக்கணக்கில் தள்ளி வரும். ஈயம் குழந்தையின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். படிப்பில் பின்தங்கிய பிள்ளையைப் பார்த்து யார் மஞ்சள் டப்பாவை நினைப்பார்கள்? போர்டு எரிந்தாலாவது தீ தெரியும். இதில் அதுவும் இல்லை.

வங்கதேசத்தில் 2019இல் சந்தை மஞ்சள் மாதிரிகளில் 47 சதவீதத்தில் ஈயம் இருந்தது. 2021இல் பூஜ்யம். இரண்டே வருஷம். அவர்கள் செய்தது: ஆராய்ச்சியாளர்கள் கர்ப்பிணிகளின் ரத்தத்தில் இருந்த ஈயம் மஞ்சளிலிருந்து வருவதை நிரூபித்தார்கள். உணவுப் பாதுகாப்பு ஆணையம் அதைப் பத்திரிகைகளில் பரப்பியது, மொத்தச் சந்தைகளில் நோட்டீஸ் ஒட்டியது. பிறகு கையடக்க எக்ஸ்.ஆர்.எஃப். கருவியோடு சந்தைக்கே போனார்கள். கருவியை விரலிமேல் வைத்தால் அங்கேயே ஈயம் தெரிந்துவிடும், ஆய்வகத்துக்கு அனுப்பி மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியதில்லை. மாட்டியவர்களுக்கு அதே இடத்தில் அபராதம், அதைத் தொலைக்காட்சியும் காட்டியது. பட்டறைக்_கணக்கு சொன்ன பெருக்கலில் இவர்கள் கை வைத்தது தண்டனையில் அல்ல, மாட்டிக்கொள்ளும் வாய்ப்பில். இன்னொன்று, மெருகேற்றும் ஆலைகள் குறைவு, எல்லா மஞ்சளும் அந்தக் குறுகலான இடத்தைத் தாண்டித்தான் போகவேண்டும். எங்கே சரக்கு குறுகுகிறதோ அங்கே காவல் போடுவது மலிவு.

வீட்டு அளவில்: தண்ணீர் டம்ளரில் மஞ்சள் தூளைப் போட்டுப் பார்க்கும் சோதனை ஈய குரோமேட்டைக் காட்டாது, அது தண்ணீரில் கரையவே கரையாது. அடியில் படிந்து "நல்ல மஞ்சள்" போலவே இருக்கும். மெருகேற்றாத, மங்கலான, மேலே சொரசொரப்பான விரலியை வாங்கி, உடைத்துப் பார்த்து, தெரிந்த மில்லில் அரைத்துக்கொள்வது மேல். வெளித்தோல் உள்ளே இருப்பதைவிடப் பளிச்சென்று இருந்தாலோ, கையில் மஞ்சள் பொடி ஒட்டிக்கொண்டே வந்தாலோ வாங்க வேண்டாம். நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. வைத்த வரம்பு மஞ்சளில் ஈயம் கிலோவுக்கு 10 மில்லிகிராம்.

மூன்று_பின் எழுதியது:

வாசகி அம்மா, பலருக்கும் உதவும் என்பதால் கடையிலும் அதற்குப் பிறகும் செய்ய வேண்டியதையும் எழுதிவிடுகிறேன்.

ஐ.எஸ்.ஐ. முத்திரையில் மேலே தரநிலை எண் இருக்க வேண்டும், கீழே சி.எம்./எல். என்று தொடங்கும் உரிம எண். மேலே எண் இல்லாமல் வெறும் படம் மட்டும் இருந்தால் கீழே வைத்துவிடுங்கள். உரிம எண்ணை பி.ஐ.எஸ். கேர் செயலியில் அடித்தால் நிறுவனத்தின் பெயர், முகவரி, பொருள், உரிமம் நடப்பில் இருக்கிறதா எல்லாம் வரும். அதில் பொருள் பெயரைக் கட்டாயம் படியுங்கள். வேறு ஏதோ பொருளின் உரிம எண்ணை ஹீட்டர் ராடில் அச்சடித்திருப்பார்கள், எண் "உண்மையானது" என்று காட்டும், பொருள் வேறாக இருக்கும். புகாரையும் அதே செயலியில் படத்தோடு போடலாம். பி.ஐ.எஸ். அலுவலகம் தரமணி சி.ஐ.டி. வளாகத்தில் இருக்கிறது.

போர்டில் ஒரு காந்தத்தைச் சாக்கெட் ஓட்டை அருகே பிடியுங்கள். பித்தளையை இழுக்காது. ஸ்குரூ இருக்கும் இடத்தில் மட்டும் இழுத்தால் தவறில்லை, ஓட்டை வரிசை முழுக்க இழுத்தால் உள்ளே இரும்புத் தகடு. வயர் முனையில் உறையைச் சீவி இழையை எண்ணலாம், பிளேடால் சுரண்டி உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அலுமினியம். எர்த் இருக்கிறதா என்று மல்டிமீட்டரில் பிளக்கின் பெரிய பின்னுக்கும் சாக்கெட்டின் பெரிய ஓட்டைக்கும் நடுவே தொடர்ச்சி பார்த்தால் தெரியும், பிளக்கைச் சுவரிலிருந்து எடுத்துவிட்டுத்தான் பார்க்க வேண்டும். எப்படியிருந்தாலும் ராடு, கெட்டில், அயர்ன் பாக்ஸை எக்ஸ்டென்ஷன் போர்டில் போடாமல் சுவரில் இருக்கும் 16 ஆம்பியர் சாக்கெட்டில் போடுவதே சரி.

ஏதாவது உருகிவிட்டால் போர்டைத் தூக்கிப் போடாதீர்கள். படம் எடுத்து, பில்லோடு பையில் கட்டி வையுங்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கொடுத்த விலை 5 லட்சம் வரை இருந்தால் மனுவுக்குக் கட்டணம் இல்லை, இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். முதலில் 1915க்கு அழைத்தும் பதியலாம்.

மருந்தாளுநர்_தாம்பரம் எழுதியது:

மருந்துக்கும் உணவுக்கும் பொதுமக்களே சோதனை கேட்கும் உரிமை சட்டத்தில் இருக்கிறது, பலருக்குத் தெரியாது. மருந்துச் சட்டம் பிரிவு 26: வாங்கியவர் கட்டணம் கட்டி, படிவம் 14-ஏயில் எழுதிக் கொடுத்தால் அரசுப் பகுப்பாய்வாளர் சோதித்து அறிக்கை தரவேண்டும். உணவுக்கு உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2006, பிரிவு 40. அதில் கலப்படம் உறுதியானால் கட்டிய கட்டணம் திரும்பக் கிடைக்கும்.

சிரப் என்றால் அதே தொகுதி எண்ணில் திறக்காத ஒரு பாட்டில் கொடுப்பது நல்லது. திறந்த பாட்டில் என்றால் பிறகு எதையோ கலந்தார்கள் என்று எதிர்த்தரப்பு சொல்ல இடம் உண்டு. ஆனாலும் பிள்ளை குடித்த பாட்டிலையும் மூடி, மேலே தேதி எழுதி, தனியாக வையுங்கள், மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டாம். மருந்து கொடுத்த பிள்ளைக்கு ஆறு எட்டு மணி நேரமாகச் சிறுநீர் வரவில்லை என்றால் அந்தப் பாட்டிலைக் கையில் எடுத்துக்கொண்டே மருத்துவமனைக்குப் போங்கள்.